பச்சைக் கம்பெனி சர்வீஸ்காரர்

ஒரு முழ நீளத் திருப்புளியின் நுனியைப் பம்பின் உடம்பில் ஊன்றி, அதன் மரப்பிடியைக் காதோடு சேர்த்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். என் நினைவில் அவர் எப்போதும் இப்படித்தான் வருகிறார். ஓடுகிற பம்பின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் நமக்குக் கேட்காது. அவருக்கோ, கிணற்றுக்குள் வெகு ஆழத்தில் சுழலும் இரும்புத் தண்டு என்ன சொல்கிறது என்று அந்தத் திருப்புளி வழியாகக் கேட்டுவிடும். சரியாக இருந்தால் கண்ணைத் திறந்து லேசாகத் தலையை ஆட்டுவார். சரியில்லை என்றால் பிடியை மற்றக் காதுக்கு மாற்றி இன்னொரு முறை கேட்பார். அந்த இரண்டாவது முறையில் நாங்கள் கைவேலையை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்ப்போம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நெய்வேலி இன்னும் முழு ஊராகியிருக்கவில்லை. குவார்ட்டர்ஸ் சுவர்களில் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. தெருவுக்குத் தெரு நட்ட மரக்கன்றுகள் எங்கள் இடுப்பளவுதான் இருந்தன. மதுரைக்காரர், தஞ்சாவூர்க்காரர், கோயம்புத்தூர்க்காரர் என்று எல்லா ஜில்லாவும் ஒரே பிளாக்கில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அதற்காகச் சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழ்கிணறுகள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பம்பை வைத்து, மூன்று ஷிப்டும் ஓட்டினார்கள். அந்தப் பம்புகளில் ஒன்றுக்கு நான் ஆபரேட்டர். சுரங்கத்துக்காக எடுத்த ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. மற்றவர்களுக்கு நிலம் போயிற்று. என் அப்பா அந்த நிலங்களில் கூலிக்கு உழைத்தவர் என்பதால் எங்களுக்குப் போனது வேலைதான். நான் பள்ளி இறுதி வகுப்பு தேறியிருந்ததால் பயிற்சி கொடுத்து எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் இன்னும் பர்மனெண்ட் ஆகவில்லை. எங்கள் வீட்டில் அந்த ஒரு சொல்லைச் சாமி பெயரைப் போலச் சொல்வார்கள்.

பம்புகளை இரண்டு வெளிநாட்டுக் கம்பெனிகள் கொடுத்திருந்தன. பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. ஒன்றின் பம்புக்குப் பச்சைப் பெயிண்ட், மற்றதற்கு மஞ்சள். அதனால் பச்சைக் கம்பெனி, மஞ்சள் கம்பெனி. இன்னும் பல கிணறுகள் போடப்போகிறார்கள், பெரிய ஆர்டர் ஒன்று வரப்போகிறது, அது முழுவதும் ஒரே கம்பெனிக்குத்தான் என்று பேச்சு கிளம்பியதும் இரண்டு பேருக்கும் நடந்த போட்டி எங்களுக்கெல்லாம் ஒரு திருவிழாவாக இருந்தது. பச்சைக் கம்பெனி பளபளவென்று காலண்டர் கொடுத்தால், மஞ்சள் கம்பெனி அடுத்த வாரமே அதைவிட ஒரு சாண் பெரிய காலண்டர் கொடுத்தது. ஒருவர் பம்ப் ஹவுஸுக்கு வெள்ளையடித்தால் மற்றவர் வாசலில் பூச்செடி வைத்தார். மஞ்சள் பம்பு ஒரு மணி நேரம் நின்றுபோனால் பச்சைக் கம்பெனி மேனேஜருக்கு மெட்ராஸில் எப்படியோ தெரிந்துவிடும். மறுநாள் காலையில் அவர் கார் சுரங்க அதிகாரி அறை வாசலில் நிற்கும். எங்களுக்குள்ளேயே பச்சைக் கட்சி, மஞ்சள் கட்சி என்று டீக்கடையில் சண்டை வந்தது.

பச்சைக் கம்பெனி தன் பம்புகளைப் பார்த்துக்கொள்ள இங்கேயே ஒருவரைக் குடிவைத்திருந்தது. மெட்ராஸ்காரர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், கல்யாணம் ஆகவில்லை. சர்வீஸ்காரர் என்றுதான் எல்லாரும் சொன்னோம். சைக்கிள் கேரியரில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் வரிசையாகச் சாமான்கள். செம்மண் புழுதியில் அவருடைய கறுப்பு ஷூ காலையிலேயே காவியாகிவிடும். யாரிடமும் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். நான் பிறந்த தெருவின் பெயரைக் கேட்டதும் பேச்சில் ‘ங்க’வைத் தொலைத்துவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருந்தேன். அவரும் என் தெருவைக் கேட்டார், சொன்னேன். “அந்தப் பக்கத்துல தண்ணி எவ்ளோ ஆழத்துல இருக்குங்க?” என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். வேறு எதையும் அவர் கேட்டதில்லை.

என் ஷிப்டாக இருந்தால் வேலை முடிந்த பிறகும் சற்று உட்கார்ந்திருப்பார். பம்பு இறைத்த தண்ணீர் வெதுவெதுப்பாக வாய்க்காலில் ஓடும். ஷூவைக் கழற்றிவிட்டு அதில் காலை வைத்துக்கொண்டு, நான் கொண்டுபோன கேழ்வரகு அடையில் பாதியை வாங்கித் தின்பார். மெட்ராஸ் கடற்கரையைப் பற்றிச் சொல்வார். தங்கைக்குக் கல்யாணம் முடித்துவிட்டுத்தான் தன் கல்யாணம் என்பார். இரண்டு பேருமே அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நான் ஏங்கி நினைத்துப் பார்ப்பது அந்த அரைமணி நேரங்களைத்தான். அப்படி ஒருவரோடு சும்மா உட்கார்ந்திருக்க அதன் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

ஒருநாள் காலை என் பம்பில் திருப்புளியை ஊன்றியவர், ஒரு காதில் கேட்டார், மறு காதில் கேட்டார், பிறகு முதல் காதுக்கே திரும்பினார். வாய்க்காலுக்கு வந்ததும் காலை நனைக்காமல் நின்றுகொண்டே சொன்னார்.

“உள்ள தண்டைத் தாங்குற பேரிங் ரப்பர் சரியில்லைன்னு தோணுதுங்க. நம்ம தண்ணி சூடு. அந்த ரப்பர் குளிர்ந்த தண்ணிக்குச் செஞ்சது. ஊறி உப்புதுன்னு நினைக்கிறேன், பம்பு நின்னா தண்டைக் கவ்விக்கும். மெட்ராஸுக்கு எழுதிட்டேன்.”

“பதில் வந்துச்சுங்களா?”

“போன்ல, டிரங்க் கால்ல வந்துது. ஆர்டர் முடியற வரைக்கும் இங்க யார்கிட்டயும் இதைப் பேசக் கூடாதாம்.” தகரப் பெட்டியின் மூடியைச் சாத்தினார். “உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியல. பம்பு நின்னு திரும்ப ஸ்டார்ட் பண்றப்போ மட்டும் பக்கத்துல யாரையும் நிக்க விடாதீங்க.”

சரிங்க என்றேன். நான்கைந்து நாள் கவனமாகவும் இருந்தேன். பம்பு நிற்கவே இல்லை. கவனமும் மெல்ல மெல்லக் குறைந்துபோயிற்று.

மூன்று வாரம் கழித்து, காலை ஷிப்டில், பத்து மணி வாக்கில் கரண்டு போய்ப் பம்பு நின்றது. கரண்டு வந்ததும் மறுபடி ஓட்ட வேண்டும். அதற்கு முன் மேலே உள்ள சின்னத் தொட்டியைத் திறந்து, தண்டின் மேல் தண்ணீர் விட்டு, பேரிங் நனையும் வரை காத்திருப்பது விதி. காய்ந்த பேரிங்கோடு ஓட்டினால் கருகிவிடும். நான் தண்ணீர் விட்டேன். கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்தேன். லாக் புக்கில் எழுதினேன். எனக்குக் கூடமாட எடுபிடி வேலை செய்த கலாசிக்காரர், வடலூர்ப் பக்கத்து மனிதர், காண்ட்ராக்டில் வந்தவர், பம்பின் தலைப்பக்கம் கசிந்த எண்ணெயைத் துணியால் துடைத்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சுவிட்சை அழுத்தினேன்.

பெரிய சுத்தியலால் இரும்பை அடிப்பது போல இரண்டு சத்தம். தண்டு இறுகி நின்றுவிட, மேலே மோட்டாரையும் தண்டையும் இணைக்கும் பகுதி உடைந்து, அதன் மூடியைக் கிழித்துக்கொண்டு ஒரு துண்டு பறந்தது. கலாசிக்காரர் கையில் இருந்த துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். வலது கையில் மூன்று விரல்கள் போயிருந்தன.

அடுத்த நாளே பச்சைக் கம்பெனி மேனேஜர் காரில் வந்து இறங்கினார். பம்பில் குறையே கிடையாது, ஆபரேட்டர் தண்ணீர் விடாமல் ஓட்டிவிட்டார், லாக் புக்கில் பொய்யாக எழுதியிருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தார். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மூன்று நாள் கழித்து விசாரணை. அம்மா, “நீ தண்ணி வுட்டியாடா? நெஜமாத்தான் வுட்டியா?” என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம் சர்வீஸ்காரர் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். உடைந்த பம்பை அன்றுதான் பிரித்திருந்தார்கள். அதிகாரியின் சீல் ஒட்டிய இரும்புப் பெட்டிக்குள் பேரிங் போய்விட்டது என்றாலும், பிரித்தவர் அவர்தான்.

“கருகலைங்க. நீங்க தண்ணி விட்டிருக்கீங்க. ரப்பர்தான் உப்பி தண்டைப் பிடிச்சிருக்கு” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. காப்பி போட உள்ளே போனார்.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மஞ்சள் கம்பெனி மேனேஜர். என்னைப் பார்த்ததும் சற்றுத் தயங்கினார். பிறகு, சர்வீஸ்காரர் காப்பியோடு வெளியே வந்ததும், நான் அங்கே இல்லாதது போலவே பேச ஆரம்பித்தார்.

“நீங்க மெட்ராஸுக்கு லெட்டர் எழுதினீங்கன்னு கேள்விப்பட்டேன். கார்பன் காப்பி இருக்கும்ல? அதைக் கொடுங்க. நாளைக்கு விசாரணைக்கே நீங்க போக வேண்டாம், நாங்க பாத்துக்கறோம். எங்க ஆபீஸ்ல உங்களுக்கு ஒரு நாற்காலி காலியா இருக்கு.”

சர்வீஸ்காரர் காப்பி டம்ளரை அவர் கையில் கொடுத்தார். “ரப்பர் நீங்களும் அதே இடத்துலதானே சார் வாங்கறீங்க? உங்க பம்பையும் ஒண்ணு பிரிச்சுப் பாத்துடலாமா?” என்றார்.

மஞ்சள் கம்பெனி மேனேஜர் காப்பியை இரண்டு வாய் குடித்து டம்ளரை வைத்தார். “யோசிச்சுச் செய்யுங்க. ரெண்டு கம்பெனிக் கதவையும் சாத்திக்கிட்டா வெளியில வேற வீடு இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றுதான் எனக்கு விளங்கியது. காலண்டருக்கும் பூச்செடிக்கும் அவ்வளவு சண்டை போட்ட இரண்டு பேரும் இந்த ரப்பர் விஷயத்தில் மட்டும் சொல்லி வைத்தாற்போல் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

விசாரணை பெரிய அதிகாரியின் அறையில் நடந்தது. மஞ்சள் கம்பெனியையும் வரச்சொல்லியிருந்தார்கள்; மேசையின் ஒரு பக்கம் இரண்டு மேனேஜர்களும். மறுபக்கம் நானும் சர்வீஸ்காரரும். அதிகாரி கண்டிப்பானவர், ஆனால் எதையும் காது கொடுத்துக் கேட்பார். சர்வீஸ்காரர் எழுந்து, ரப்பர் பழுது என்பதையும், விபத்துக்கு முன்பே கம்பெனிக்கு எழுதியதையும் சொல்லி, கார்பன் காப்பியை மேசை மேல் வைத்தார்.

“உங்க அதிகாரிங்ககிட்டயும் நான் எழுத்துல கொடுத்திருக்கணும் சார். கொடுக்கல. கம்பெனி வேண்டாம்னுச்சு, நான் கேட்டுக்கிட்டேன். அது என் தப்பு” என்றார். அந்த அறையில் அன்று தன் தப்பைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

பச்சைக் கம்பெனி மேனேஜர் சிரித்தார். “உடைஞ்சு நசுங்கின பேரிங்கை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது சார். அப்படி ஒரு லெட்டரும் எங்க ஆபீசுக்கு வரல. கார்பன் காப்பியை நேத்துகூட அடிச்சிருக்கலாம். நேத்து சாயங்காலம் இவர் வீட்டு வாசல்ல யார் கார் நின்னுதுன்னு விசாரிச்சுப் பாருங்க. இவரை வாங்கிட்டாங்க.”

மஞ்சள் கம்பெனி மேனேஜர் மேசை விளிம்பைப் பார்த்தார். அப்படி இல்லை என்று ஒரு வார்த்தை அவரும் சொல்லவில்லை.

அதிகாரி சர்வீஸ்காரரைக் கேட்டார். “விபத்துக்கு முன்னாடி இந்தக் குறையைப் பத்தி இங்க யார்கிட்டயாவது வாயாலயாவது சொன்னீங்களா?”

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். நானாகச் சொல்வதற்கு இடம் விட்டு நின்றார் என்று இப்போது தெரிகிறது. அதிகாரியே என் பக்கம் திரும்பினார்.

“ஏம்பா, உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?”

சொன்னார் என்று சொன்னால் அடுத்த கேள்வி எது என்று எனக்குத் தெரியும். தெரிந்துமா ஓட்டினாய்? தெரிந்துமா ஒரு ஆளைப் பக்கத்தில் நிற்க விட்டாய்? பர்மனெண்ட் என்ற சொல்லை அம்மா சொல்கிற விதம் நினைவுக்கு வந்தது.

“இல்லீங்க” என்றேன்.

சர்வீஸ்காரர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மெல்ல அதிகாரி பக்கம் திரும்பினார். “என்னை நம்ப வேண்டாம் சார். இப்ப ஓடிட்டிருக்கிற பச்சைப் பம்பு ஒண்ணு, மஞ்சள் பம்பு ஒண்ணு, எதை வேணா நீங்களே காட்டுங்க. நிறுத்திப் பிரிச்சுப் பார்க்கலாம்.”

இரண்டு மேனேஜர்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஓடுகிற பம்பை நிறுத்தினால் சுரங்கத்துக்கு ஆபத்து என்று ஒரே குரலில் சொன்னார்கள். அந்த ஒற்றுமையைப் பார்த்துத்தான் அதிகாரி முடிவு செய்தார் என்று நினைக்கிறேன். மறுநாள் பகலில், மற்றக் கிணறுகளைக் கூடுதலாக ஓட்டிக்கொண்டு, இரண்டு பம்புகளைப் பிரித்தார்கள். ஷிப்ட் முடிந்தவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போகாமல் வெயிலில் நின்றார்கள். மேலே தூக்கிய குழாய்களிலிருந்து இரண்டு பேரிங்குகளையும் எடுத்து ஒரு பலகையில் வைத்தார்கள். அதிகாரி குனிந்து முதல் ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்தினார், விரல் பதிந்தது. இரண்டாவதை அழுத்தினார்; அதுவும் பதிந்தது. துடைத்து வைத்த பிறகு, பச்சைப் பம்பிலிருந்து வந்தது எது, மஞ்சள் பம்பிலிருந்து வந்தது எது என்று சொல்ல முடியவில்லை.

என் மேல் குற்றமில்லை என்று எழுதினார்கள். கலாசிக்காரருக்குக் கை ஆறியதும் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்துப் பர்மனெண்டும் ஆக்கினார்கள். இரண்டு கம்பெனிகளும் எல்லாப் பம்புக்கும் ரப்பரை மாற்றித் தந்தன. அந்தப் பெரிய ஆர்டர் ஒரே கம்பெனிக்கு என்று இருந்ததை மாற்றி இருவருக்கும் பாதிப்பாதியாகக் கொடுத்தார்கள். அந்தப் பம்புகளை வேறு யாரிடம் வாங்குவார்கள்? நஷ்டப்பட்டவர் ஒருவர்தான். ரப்பர் பழுது என்பது நிரூபணமாயிற்று. ஆனால் அவர் முன்பே எச்சரித்தார் என்பது நிரூபணமாகவில்லை. விபத்துக்குப் பிறகு மஞ்சள் கம்பெனியிடம் விலைபோய்ச் சொன்னவர் என்ற பேச்சு அவர் மேல் ஒட்டிக்கொண்டது. பச்சைக் கம்பெனி அவரை வேலையிலிருந்து நீக்கியது. மஞ்சள் கம்பெனியில் அந்த நாற்காலி காலியாக இல்லாமல் போயிற்று. மெட்ராஸில் பம்பு விற்கிறவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.

ஊரை விட்டுப் போகும் காலையில் பம்ப் ஹவுஸுக்கு வந்தார். தகரப் பெட்டி கம்பெனியுடையது என்று திருப்பிக் கொடுத்துவிட்டதால் கை வெறுமனே இருந்தது. நான் லாக் புக்கில் எதையோ எழுதுவது போலக் குனிந்துகொண்டிருந்தேன்.

“வரேங்க. கலாசிக்காரருக்குக் கை ஆறினதும் ஒரு கார்டு போடுங்க.”

“சரிங்க.”

சைக்கிளில்லாமல் நடந்து போனார். ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்; பஸ் ஏற்றிவிட்டு வந்திருக்கலாம். நான் கேட்கவில்லை.

ஓராண்டு கழித்து மேற்கே ஒரு சிற்றூரிலிருந்து கார்டு வந்தது. விவசாயிகளின் பம்பு செட்டுகளைப் பழுது பார்க்கும் ஒரு சின்னப் பட்டறை வைத்திருப்பதாக எழுதியிருந்தார். தங்கைக்குக் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததாம். என் பம்பு எப்படி ஓடுகிறது என்று கேட்டிருந்தார். விசாரணையைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. கலாசிக்காரரின் கை ஆறியதை எழுதினேன், நானும் பர்மனெண்ட் ஆனதை எழுதினேன். எழுத வேண்டியதை எழுதவில்லை. அதை எழுத எனக்கு மேலும் நாலு வருஷம் ஆயிற்று. இரண்டு பக்கம், ஒரே மூச்சில். அந்தக் கவர் மேல் மூன்று ஊர் முத்திரை விழுந்து, ஆள் இல்லை என்ற குறிப்போடு என்னிடமே திரும்பி வந்தது. பிறகு ஒருமுறை நேரிலேயே போனேன். பட்டறை இருந்த இடத்தில் உரக்கடை இருந்தது. அவர் எங்கே போனார் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

அந்தப் பம்புகள் எல்லாம் எப்போதோ பழைய இரும்பாகிவிட்டன. இன்று வேறு கம்பெனிகள், வேறு நிறங்கள். இடுப்பளவு இருந்த கன்றுகள் தெருவையே மூடும் மரங்களாகி நிற்கின்றன. எங்காவது கிணறு இறைக்கும் சத்தம் கேட்டால் மட்டும் நான் நின்றுவிடுகிறேன். அவராக இருந்தால் இதில் என்ன கேட்டிருப்பார் என்று காதைக் கொடுக்கிறேன். எனக்கு வெறும் சத்தம்தான் கேட்கிறது.

ரிட்டயர் ஆன பிறகு ஒருநாள் வடலூரில் பஸ்ஸுக்காக நின்றபோது கலாசிக்காரரைப் பார்த்தேன். நன்றாக வயதாகியிருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். இரண்டு விரல் கையால் டம்ளரை லாகவமாகப் பிடித்துக் குடித்தார். எப்படியோ பேச்சு சர்வீஸ்காரரிடம் வந்தது. அன்று எனக்கு அடக்க முடியவில்லை. வீட்டில் என் மனைவியிடம்கூடச் சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

“அண்ணே, பம்பு ஒடையறதுக்கு மூணு வாரத்துக்கு முன்னயே என்கிட்ட அவரு சொல்லிட்டாருண்ணே. பக்கத்துல ஆள நிக்க வுடாதீங்கன்னு சொன்னாரு. உன்ன நிக்க வுட்டது நான்தான். விசாரணையில கேட்டாங்க. இல்லன்னுட்டேன்.”

அடிப்பார், அல்லது எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் டம்ளரைப் பெஞ்சில் வைத்தார்.

“என்கிட்டயும் சொன்னாருப்பா” என்றார். “ஸ்டார்ட் பண்ணும்போது தள்ளி நில்லுங்கன்னு சொன்னாரு. நான்தான் மறந்துட்டு தொடைச்சிக்கினு இருந்தேன். ஆஸ்பத்திரியில வந்து ஆபீசர் ஆளு கேட்டப்ப, யாரும் சொல்லலன்னுட்டேன். தெரிஞ்சே நின்னன்னு வூட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு பயம். ரெண்டு பொண்ணு இருந்துச்சு.” கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “நீ படிச்சவன், எப்படியும் நீ சொல்லிடுவன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”